பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டுவிட்டார்கள், பஞ்சாயத்தை எப்படி அசைப்பது?

பச்சை இலை (கேள்வி, ஜூலை 2025):

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்கள் ஊர், பெயர் வேண்டாம். இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது, மகள் மூன்றாம் வகுப்பு. அவள் படிப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மொத்தம் 27 பிள்ளைகள், இரண்டு டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன், அப்போது நூறு பேருக்கு மேல் இருந்தோம். இப்போது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலை ஏழரைக்கே வேனில் ஏறி டவுனுக்குப் போய்விடுகின்றன.

போன வருடம் ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது என்னையும் உறுப்பினராகப் போட்டார்கள். 24 பேர் குழு. 27 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு 24 பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் எச்.எம். டீச்சர் பட்ட பாடு தனிக்கதை. கூட்டத்துக்குப் போகிறோம், டீ வருகிறது, நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம், வீட்டுக்கு வருகிறோம். அவ்வளவுதான் நடக்கிறது.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. முதலாவது, கழிப்பறைக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கியிருந்த கல்கட்டு போன நவம்பர் மழையில் சரிந்து கிடக்கிறது. சிவப்பு மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கழிப்பறைச் சுவரை முட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, மார்ச்சில் ஒரு கரடி வந்து சத்துணவு அறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பிய்த்து உள்ளே போய், எண்ணெய் பாக்கெட்டுகளை எல்லாம் கடித்துத் தரை முழுக்க வழிய விட்டுப் போயிருக்கிறது. பருப்பு மூட்டையைத் தொடக்கூட இல்லை. அன்றிலிருந்து சமையல் அக்கா தினமும் சாயங்காலம் எண்ணெயைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் திரும்பச் சுமந்து வருகிறார். வனத்துறையினர் வந்து கால்தடம் பார்த்தார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் ஒன்றியத்தில் சொல்லுங்கள் என்கிறார்கள், ஒன்றியத்தில் கேட்டால் கல்வி அலுவலகம் வழியாக வரட்டும் என்கிறார்கள், கல்வி அலுவலகத்தில் கட்டடம் எங்களுடையது இல்லையே என்கிறார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள்.

பள்ளியும் உள்ளாட்சியும் சேர்ந்து வேலை செய்த ஊர் எங்கேயாவது இருந்தால் எப்படி நடந்தது என்று சொல்லுங்கள். யாரைப் பிடிப்பது, என்ன எழுதுவது?


ஓய்வு வாத்தியார்:

தம்பி, 31 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருந்தவன், அதில் கடைசி ஒன்பது வருடம் எச்.எம். நீங்கள் சொன்ன மூன்று வாசலிலும் நான் நின்றிருக்கிறேன், அதனால் முதலில் எது யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகையிலேயே ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கிறது அல்லவா, கட்டடம், அதன் பராமரிப்பு எல்லாம் ஒன்றியத்தின் கணக்கு. டீச்சருக்குச் சம்பளம் போடுவதும் மாறுதல் கொடுப்பதும் கல்வித் துறை. சத்துணவு மறுபடியும் ஒன்றிய அலுவலகத்தில்தான், அங்கே அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆக உங்கள் கரடிக் கதவும் சரிந்த கல்கட்டும் போய்ச் சேர வேண்டிய மேசை பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில், அதாவது ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் கொடுங்கள், ஆனால் அங்கே போய்க் காத்திருக்காதீர்கள்.

எச்.எம். கையில் பணம் இருக்குமே என்று ஊரில் பேசுவார்கள். பள்ளி மானியம் என்று வருடத்துக்கு ஒரு தொகை வரும், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அது. 30 பேர் வரைக்கும் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. உங்கள் 27-க்குப் பத்தாயிரம்தான் வரும், அதில் சாக்பீஸ், பல்பு, பினாயில், பதிவேடு, கழிப்பறைத் தாழ்ப்பாள் வாங்கினால் ஜனவரியிலேயே காலி. என் கடைசிப் பள்ளியில் 29 பேர் இருந்தார்கள், இரண்டு பிள்ளைகளுக்காக 15,000 போய்விட்டது என்று வருடா வருடம் மனம் ஆறாது எனக்கு.

அதனால் கேட்கிறேன், உங்கள் பக்கம் எஸ்டேட் லைன்களில், தொழிலாளர் குடியிருப்புகளில், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் வந்திருக்கிறார்களா? இப்போது நீலகிரியில் இலை பறிக்கிறவர்களில் அவர்களும் நிறையப் பேர். பிள்ளைகள் லைன் வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும், ஆதார் இல்லை, டி.சி. இல்லை, தமிழ் தெரியாது, அதனால் பள்ளியில் சேர்க்க முடியாது என்று பெற்றோரே நினைத்துக்கொண்டிருப்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, டி.சி. வரத் தாமதம் ஆனாலும் மறுக்கக் கூடாது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், தன் எல்லையில் 14 வயது வரை உள்ள பிள்ளைகளின் கணக்கை வைத்திருப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. பஞ்சாயத்து செயலரையும் ஒரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் போங்கள். பிள்ளைக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது. அடுத்த வருடக் கணக்கில் 31 என்று வந்தால் எச்.எம். டீச்சர் உங்களுக்குக் கோவில் கட்டுவார்.


முன்னாள் மெம்பர்:

வாத்தியார் சார் சொன்னது சரி. நான் ஐந்து வருடம் வார்டு மெம்பராக இருந்தவன், 2020 ஜனவரியில் பதவி ஏற்றோம், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீலகிரி கிராமப் பஞ்சாயத்துகளில் இப்போது தலைவரும் கிடையாது, மெம்பரும் கிடையாது, அவர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர்தான். உங்கள் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதி என்று ஒரு பெயர் இருக்கும் பாருங்கள், அநேகமாக எங்களைப் போன்ற முன்னாள் ஆளாக இருப்பார், பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை. நேராக ஒன்றிய அலுவலகத்துக்கே போய்விடுங்கள்.

அப்புறம் தீர்மானம். நான் மெம்பராக இருந்த காலத்தில் பள்ளியிலிருந்து எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பள்ளியை மேம்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றே இருக்கும். அதை வைத்துக்கொண்டு எவன் என்ன செய்வான்? டேப்பை எடுத்து அளந்து எழுதுங்கள். கழிப்பறைக்குப் பின்னால் இத்தனை மீட்டர் நீளம், இத்தனை மீட்டர் உயரம், சரிந்த தேதி, பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் புழங்குகிறார்கள், இரண்டு போட்டோ. கதவுக்கும் அப்படியே, இரும்புக் கதவு, அகலம், உயரம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகப் போட்டு எண் கொடுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அதையே வாசித்து நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை உண்டு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாவிட்டாலும் கூட்டம் நடக்கிறது, தனி அலுவலர் சார்பில் ஆள் வருவார். கூட்டம் முடிந்து எல்லாரும் மிட்டாய் வாங்கிக் கலையும்போது நீங்கள் மட்டும் நின்று, தீர்மானம் நோட்டில் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் ஒன்றியத்துக்குப் போய்ச் சேராது.

பணத்துக்கு வழி. நூறு நாள் வேலையில் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள், ஆனால் அதில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற கணக்கு இருக்கிறது, கல்லும் சிமென்டும் அதிகம் தின்கிற தடுப்புச் சுவருக்கு அது இடிக்கும். ஒன்றியப் பொது நிதி, 15-ஆவது நிதிக் குழு மானியம், எம்.எல்.ஏ. தொகுதி நிதி, இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் நமக்கு நாமே திட்டம், மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும், மீதியை அரசு போடும். கதவுக்கெல்லாம் திட்டம் தேடாதீர்கள், அது சில்லறைப் பராமரிப்பு, பி.டி.ஓ. மனது வைத்தால் பத்து நாள் வேலை.


பேரூராட்சிவாசி:

மெம்பர் அண்ணா, ஒரு சந்தேகமும் ஒரு வயிற்றெரிச்சலும். நீலகிரியில் கிராமப் பஞ்சாயத்து மொத்தமே 35, பாதி ஊர்கள் பேரூராட்சியில்தான் இருக்கின்றன. எங்கள் ஊரும் பேரூராட்சி, இங்கே கிராம சபையே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கிறது! கூரை ஒழுகுகிறது என்று போனால் பேரூராட்சியில் "எங்கள் பெயர் பலகையில் இல்லையே" என்கிறார்கள், ஒன்றியத்தில் "உங்கள் ஊர் எங்கள் எல்லையில் இல்லையே" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான் என்பதுதான் கொடுமை. நாங்கள் எங்கே போய் நிற்பது?

வயிற்றெரிச்சல் எது என்றால் இந்த மூன்றில் ஒரு பங்கு. வரியும் கட்டி, அரசுப் பள்ளியின் சுவருக்கு நாங்களே காசும் போடுவதா? பசுந்தேயிலை விற்கிற விலைக்குப் பறிகூலி கொடுத்தது போக உரத்துக்கே மிஞ்ச மாட்டேன் என்கிறது. மூன்று லட்சம் சுவர் என்றால் ஊர் ஒரு லட்சம் போட வேண்டும். வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறவர்கள் போடுவார்கள் என்று வையுங்கள், லைனில் இருக்கிற பெற்றோர் எதைப் போடுவார்? காசு போட்டவன்தான் நாளைக்குக் குழுவில் பேசுவான்.


முன்னாள் மெம்பர்:

கடைசி வரியில் நீங்கள் சொன்னது நியாயம், நானே பார்த்திருக்கிறேன், பங்குப் பணம் அதிகம் கொடுத்தவர் சுவரில் தன் பெயரைக் கல்வெட்டாக வைக்கச் சொன்னார். அதனால்தான் அதைக் கடைசி வழியாக எழுதினேன். உங்கள் பள்ளிக்கு ஒரு காரியம் செய்யுங்கள், வார்டு கவுன்சிலரைப் பிடித்துப் பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம், இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமே கொடுங்கள். இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் விழுந்த விஷயத்தை இரண்டுக்கும் மேலே உள்ளவரால்தான் எடுக்க முடியும். ரசீது எண் வாங்காமல் வராதீர்கள்.


தாண்டிக்குடி அக்கா:

நான் நீலகிரி இல்லை, பழனி மலை, தாண்டிக்குடி பக்கம். காபி, மிளகு ஊர். சுய உதவிக் குழுவில் இருக்கிறேன், எங்கள் ஊர்ப் பள்ளியில் காலை உணவு சமைக்கிற மூன்று பேரில் நான் ஒருத்தி. இந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது, அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது, அப்போதுதான் எங்களுக்கும் வந்தது. தீர்மானம், நிதி எல்லாம் எனக்கு அவ்வளவு தெரியாது தம்பி, ஆனால் பள்ளியும் பஞ்சாயத்தும் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்று தினமும் காலையில் பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் தண்ணீர்தான் தகராறு. எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் ஒரே டேங்க், ஆபரேட்டர் ஏழு மணிக்குத்தான் வால்வைத் திறப்பார், எப்போதும் அப்படித்தான் பழக்கம். நாங்கள் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் பள்ளி மணி அடிப்பதற்குள் பரிமாற முடியும். இரண்டு மாதம் ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்தோம். மார்கழிக் குளிரில் குடத்தின் விளிம்பு விரலை வெட்டும். எச்.எம். சார் ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஒரு நாள் ஆபரேட்டர் அண்ணனே பேத்தியை விட வந்தார், காலை உணவுக்குப் பொங்கல் போடுகிற புதன்கிழமை அது. நாங்கள் மூன்று பேரும் குடத்தோடு ஏறி வருவதைப் பார்த்தார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றார். மறுநாள் முதல் ஐந்தரைக்கு வால்வு திறக்கிறது. ஒரு பைசா செலவில்லை. கடிதம் போன இடத்தில் அந்த வால்வே இல்லை!

இன்னும் ஒன்று. காலைச் சாப்பாடு வந்த பிறகு கீழே தோட்டத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் வெறும் வயிற்றோடு கிளம்பி, வழியில் கொய்யா பறித்துத் தின்று, பத்து மணிக்கு வந்து சேரும். இப்போது நான் தாளிக்கும்போதே ஜன்னலில் நாலு தலை தெரிகிறது. உங்கள் சமையல் அக்கா எண்ணெய் சுமப்பதாகச் சொன்னீர்களே, அவரைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். அவர் குழுவில் இல்லை என்றாலும் கூப்பிடுங்கள்.


கூடலூர்க்காரன்:

அக்கா சொன்ன வால்வு கதை அருமை. எங்கள் பக்கம் அப்படி ஒரு அண்ணனிடம் சொல்லித் தீர்கிற விஷயம் குறைவு, எதைத் தொட்டாலும் நிலம் வந்து நிற்கும். கூடலூர், பந்தலூரில் எவ்வளவோ இடம் பழைய ஜன்மிகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், அதாவது குத்தகை நிலம் யாருக்கு என்ற கேள்வியில், மாட்டிக்கொண்டிருக்கிறது, மீதிக்குக் காடு. பள்ளிக்குப் போகும் பாதையில் ஓடை மேல் ஒரு சிறு பாலம் போட வேண்டும் என்றாலும் பஞ்சாயத்து தயாராக இருக்கும், வனத்துறை அனுமதி இல்லை என்று நிற்கும்.

எங்கள் ஊரில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வரும் பாதை அப்படித்தான். ஜூன், ஜூலையில் ஓடை ஏறிவிட்டால் நாலைந்து நாள் வர மாட்டார்கள், அப்படியே விட்டுப் போனவர்களும் உண்டு. டீச்சர் வருகைப் பதிவில் "நீண்ட நாள் வராதோர்" என்று எழுதுவார், ஓடையைப் பற்றி அந்தப் பதிவில் எழுத இடம் இல்லை. அப்புறம் ஒருத்தர் சொல்லித் தெரிந்தது, 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் என்று 13 வகை வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். பரிந்துரைக்கும் அதிகாரம் ஊர்க்காரர்களிடம் இருக்கிறது, நாங்கள் அத்தனை வருடம் மனு எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது தீர்மானம் போட்டுக் கோப்பு போயிருக்கிறது. பாலம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பு போன பிறகு மழை மாதத்துக்கு ஒரு ஜீப் ஏற்பாடு ஆனது, சமக்ர சிக்‌ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படி என்று உண்டு. டிரைவருக்குப் பணம் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வருகிறது, அவர் ஊர்க்காரர் என்பதால் ஓடுகிறது.

யானை நிற்கிற அன்று ஜீப்பும் வராது. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.


பச்சை இலை (ஆகஸ்ட் கடைசி வாரம்):

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சொன்னபடி சமையல் அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். முதலில் வாசலிலேயே நின்றார், உள்ளே வந்து உட்கார வைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. எண்ணெய்ப் பையைக் கையோடு கொண்டு வந்திருந்தார், வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அல்லவா. மேசை மேல் வைத்துவிட்டு, "இதை ஒரு நாள் நீங்க யாராச்சும் மேட்டுல தூக்கிட்டு வாங்க, அதுக்கப்புறம் நான் பேசறேன்" என்றார். அதன்பிறகு யாரும் டீ கேட்கவில்லை. அன்றைக்கே அளந்தோம், கல்கட்டு 11 மீட்டர், உயரம் ஒன்றே முக்கால். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது என் மகள், சேற்றில் இறங்கி ஷூவைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தாள்.

தீர்மானம் குழுவிலும் கிராம சபையிலும் ஏறிவிட்டது. மெம்பர் அண்ணா சொன்னபடி நோட்டைப் பார்த்தேன், முதலில் "பள்ளிப் பராமரிப்பு" என்று ஒரே வார்த்தையாகத்தான் எழுதியிருந்தார்கள், பக்கத்தில் நின்று அளவைச் சேர்க்க வைத்தேன். செயலர் கொஞ்சம் முறைத்தார்.

கதவு வந்துவிட்டது. இரும்புக் கதவு, நீல பெயின்ட். போட்ட மூன்றாம் நாள் கரடி வந்து பார்த்திருக்கிறது போல, பெயின்டில் நாலு நகக் கோடு. எண்ணெய் இப்போது உள்ளேயே இருக்கிறது.

வாத்தியார் சாருக்கு ஒரு கணக்கு. லைனுக்குப் போனோம், செயலர் வரவில்லை, டீச்சரும் நானும் மட்டும். ஐந்து பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள், மற்ற இரண்டு பேரின் அப்பா தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் பார்க்கலாம் என்கிறார். ஆக இப்போது 30. சரியாக முப்பது சார், நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. புதிதாக வந்ததில் ஒரு பையனுக்கு என் மகள் எங்கள் வீட்டு மொழியான படுகு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், டீச்சர் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார், எது முதலில் ஒட்டும் என்று பார்க்க வேண்டும்.

சுவருக்கு இன்னும் ஒன்றும் இல்லை. ஓவர்சியர் வந்து பார்த்து எஸ்டிமேட் போடுவதாகச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கிறார், மழை விட்டால். எஸ்டிமேட் நகல் கேட்டு வாங்கலாமா, அல்லது அதற்கும் தனியாக மனு எழுத வேண்டுமா என்று மெம்பர் அண்ணா சொன்னால் நன்றாக இருக்கும்.